ராட்டினத்தில் துண்டு போட்ட விவரம்

தென்காசி,
ஆனி மாதம், திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை புவனேஷ் அவர்களுக்கு,

மாமனார் தில்லைநாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை ஆவுடையம்மாளும் சுகம். சென்னையில் நீங்களும் எங்கள் மகள் முத்துசெல்வியும் குறைவில்லாமல் இருக்க திருமலைக் குமாரசாமியை வேண்டிக்கொள்கிறேன். சாரல் இந்த வருடம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்ததால் இரண்டு நாள் போலீஸ்காரர்கள் யாரையும் குளிக்க விடவில்லை. குளிக்க விடாவிட்டால் துண்டு விற்காது. துண்டு விற்காவிட்டால் எனக்குக் கடிதம் எழுத நேரம் கிடைக்கும். நாளை மறுநாள் முத்துசெல்வி இங்கே வருகிறாள் அல்லவா, திரும்பி வரும்போது உங்களுக்கு மங்குஸ்தான் பழம் கொடுத்தனுப்புகிறேன்.

போனில் சொல்லாமல் எதற்காகக் கடிதம், அதுவும் அலுவலக முகவரிக்கு என்று நீங்கள் யோசிக்கலாம். போனில் பேசினால் முத்துசெல்வி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தோசை சுடுவாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போன் பாதி நேரம் உங்கள் அத்தையின் கையில்தான் இருக்கிறது. ஆண்கள் இரண்டு பேர் தனியாக ஒரு விஷயம் பேச இந்தக் காலத்தில் கூரியரை விட்டால் வேறு வழி இல்லை.

விஷயம், நீங்கள் அன்போடு அனுப்பிய இரண்டு டிக்கெட் பற்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிக்கெட்டில் குறை இல்லை, அனுப்பிய மனசில் குறையே இல்லை. குறையெல்லாம் பண்பொழி போகிற பாதையில் புதிதாக வந்திருக்கிற அந்த விளையாட்டுப் பூங்காவுக்கு உங்கள் கம்பெனி செய்து கொடுத்த முன்பதிவு ஏற்பாட்டில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை செய்த வேலையை மாமனார் குறை சொல்வது முறையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வியாபாரி. கிழிந்த துண்டை மாப்பிள்ளையே நெய்தாலும் கிழிந்த துண்டு என்றுதான் சொல்வேன். மன்னிக்கவும்.

உங்கள் அத்தை கல்யாணமான இந்த முப்பத்திரண்டு வருடத்தில் என்னிடம் கேட்டது மிகவும் குறைவு. அதில் ஒன்று ராட்டினம். ஒவ்வொரு சீசனுக்கும் குற்றாலத்தில் நாங்கள் துண்டுக்கடை போடுகிற இடத்துக்கு நேர் எதிரே பொருட்காட்சி ராட்டினம் நிற்கும். இவள் துண்டை மடித்துக்கொண்டே அதைப் பார்ப்பாள். "ஒரு நாளு ஏறணும்" என்பாள். "அடுத்த சீசனுக்குப் பாப்போம்" என்பேன். சீசனில் கடையை விட்டு எழுந்து போனால் வியாபாரம் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள். இப்படியே சீசன்கள் போய், இவள் முழங்கால் முட்டும் தேய்ந்து, வருகிற வியாழக்கிழமை திருநெல்வேலியில் முட்டு மாற்றுகிற ஆபரேஷன் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஆறு மாதம் ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆபரேஷனுக்குத் தேதி குறித்த நாளிலிருந்து இவள் ஒரு மாதிரியாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். பீரோ சாவி எங்கே இருக்கிறது, மல்லித்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் போயாக வேண்டும் என்று எனக்கு வரிசையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"ஏட்டி, முட்டைத்தான மாத்துதாவ, ஒன்னையா மாத்துதாவ?" என்று கேட்டேன்.

"மயக்க மருந்து குடுக்காவல்லா. முழிக்கலன்னா?" என்றாள். அப்புறம் பருப்பைக் கடைந்துகொண்டே, "அதுக்கு முன்ன ஒரு தடவ மேல போயிட்டு வந்துட்டா தேவல" என்றாள். இதை முத்துசெல்வியிடமும் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, மறுநாளே உங்கள் டிக்கெட் வந்துவிட்டது. ஆக, நேற்றைய ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அவளுக்கு வேறு நாள் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நேற்றுக் காலை பத்து மணிக்குப் போய்விட்டோம். வாசலில் ஷெர்லின் என்று ஒரு பெண். நல்ல பிள்ளை, சிரித்த முகம், கையில் பலகை மாதிரி ஒரு கணினி. எங்கள் மணிக்கட்டில் ஆளுக்கொரு பட்டையை மாட்டிவிட்டாள். திறந்த புதிதில் இங்கே ஒரே வரிசைதானாம், வந்தவன் நின்றான், நின்றவன் ஏறினான். அதில் சண்டை வருகிறது என்று காலை ஏழு மணிக்குப் போனில் பதிவு செய்கிற முறையைக் கொண்டுவந்தார்களாம். ஏழு அடித்து இரண்டு நிமிஷத்தில் ராட்டினம் முழுக்க நிரம்பிவிடுகிறது என்று இப்போது வழியை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பதிவு செய்தவர்களுக்கு ஒன்று, கூடுதல் கட்டணம் கட்டினால் முன்னால் போகிற விரைவு வழி ஒன்று, இரண்டும் இல்லாத ஜனத்துக்குப் பொது வரிசை ஒன்று. முதல் இரண்டிலும் மிஞ்சுகிற இடம்தான் பொது வரிசைக்கு வரும். மாப்பிள்ளை, காலை ஏழு மணிக்கு என் கடையில் மூட்டை இறக்குகிறவனுக்கு இரண்டு கையும் மூட்டையில் இருக்கும், அவன் எந்தக் கையால் போனை அமுக்குவான்? அந்த நேரத்தில் கட்டிலில் படுத்தபடி கட்டைவிரலை ஆட்டக் கொடுத்துவைத்தவனுக்குத்தான் ராட்டினம் என்றால் அது என்ன ஞாயம்?

எங்களுக்கு நீங்கள் பதிவு செய்து கொடுத்த நேரம் பதினொன்று நாற்பது. அதுவரை என்ன செய்வது, அலை அடிக்கிற குளத்தில் காலை நனைப்போம் என்று போனோம். குளத்துப் பக்கம் போகிறவர்கள் போனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். இங்கேதான் உங்கள் ஏற்பாட்டின் அழகைக் கவனிக்க வேண்டும். உங்கள் நேரம் நெருங்கிவிட்டது, வருகிறீர்களா என்று அந்தப் போனில்தான் கேட்பார்களாம். பத்து நிமிஷத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடுமாம். பூட்டின பெட்டிக்குள் கிடக்கிற போன் கேட்டால் அது யார் காதில் விழும்? பெட்டியிலிருந்து பதில் வருமா? இதை ஒரு ஆள் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசித்திருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். உங்களைச் சொல்லவில்லை, உங்களுக்குப் பக்கத்து நாற்காலிக்காரரைச் சொல்கிறேன்.

பதினொன்று நாற்பதுக்கு ராட்டினத்தடிக்குப் போனால் உங்கள் அத்தையின் பட்டைக்குச் சிவப்பு விளக்கு எரிகிறது. "என்னங்க, செவப்பு எரியுது, ஏறலாமா?" என்று என்னைக் கேட்கிறாள். வாசலில் இருந்த அதே ஷெர்லின் இப்போது இங்கே நின்றாள், ஒரே பெண்ணை எத்தனை வேலைதான் வாங்குகிறார்களோ. கணினியைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, ஒங்க பேர்ல இருந்த ரெண்டு எடமும் ரத்துன்னு காட்டுது" என்றாள்.

"நேரம் தாண்டிட்டுன்னு சொல்லும்மா, அதென்ன ரத்து?" என்றேன்.

"நேரம் தாண்டுனா காலாவதின்னு காட்டும் சார். இது ரத்துன்னு காட்டுது."

"போனு பெட்டிக்குள்ள கெடக்கு. நான் என்ன கனவுலயா ரத்து பண்ணுனேன்? மெஷினுக்கு என்னம்மா தெரியும்?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை முகம் வாடிவிட்டது. உங்கள் அத்தை ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தாள். துண்டு மடித்துக்கொண்டே பார்ப்பாளே, அதே பார்வை.

சரி, காரியத்தைப் பார்ப்போம் என்று, "விரைவு வழிக்குக் கட்டிருதேன், ரெண்டு நிமிஷத்துல ஏறிரலாம்" என்றேன். அவள் பொது வரிசையைக் காட்டினாள். சிவகிரியிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, கடையத்து விவசாயி ஒருவர், இன்னும் ஐம்பது பேர் இருக்கும். "அந்தப் புள்ள கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா நிக்கா. அவ கண்ணு முன்னால நான் துட்டக் காட்டிட்டுப் போவனா?" என்றாள். எல்லா இடத்திலும் உள்ளதுதான், நம் தென்காசிக் கடையிலேயே ஓணத்துக்குக் கேரள வியாபாரிகள் வந்தால் பின்வாசல் வழியாகத்தான் கூட்டிப்போகிறோம், ஆனால் நான் அதை போர்டு எழுதி மாட்டுவதில்லை, இவர்கள் வெட்கமில்லாமல் எழுதி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எடுத்துச் சொன்னேன். "போர்டு வச்சவனாவது வெளிப்படையாச் சொல்லுதான். நீங்க சொல்லாமலே செய்திய" என்றாள். இதற்கு உங்களிடம் ஒரு பதில் இருந்தால் எழுதவும்.

ஷெர்லின் இரக்கப்பட்டு, "ஆச்சிக்கு முட்டு முடியலன்னா சக்கர நாற்காலிக்குத் தனி வழி இருக்கு" என்றாள். உங்கள் அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆபரேஷன் வியாழக்கிழமதான். அதுவர நான் நோயாளி இல்ல" என்று சொல்லிவிட்டு, நொண்டி நொண்டிப் போய்ப் பொது வரிசையின் வாலில் நின்றுவிட்டாள்.

ஐம்பத்தைந்து நிமிஷம், மாப்பிள்ளை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவள் ஒரு காலில் பாரத்தைப் போட்டு, அப்புறம் கம்பியைப் பிடித்து, அப்புறம் என் தோளைப் பிடித்து நின்றாள். அதற்குள் சிவகிரிக்காரியின் பிரசவக் கதையைக் கேட்டு முடித்து, கடையத்து விவசாயியின் மருமகளுக்குச் சளிக்குக் கஷாயம் சொல்லிக்கொடுத்து, வரிசையில் முன்னும் பின்னும் பத்துப் பேருக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டாள். வரிசைக்குத் தலைப்பக்கம் வந்து சேர்ந்தபோது, வெளுத்துப்போன வேட்டி மாதிரி இருந்த அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. அப்போது ராட்டினம் ஓட்டுகிற இசக்கிதுரை என்கிற பையன், "காத்து கூடிட்டு, ஒரு மணிக்கு மேல வண்டி ஓடாது, இன்னும் பத்து நிமிசந்தான்" என்று சத்தம் போட்டான்.

அந்த நேரம் பார்த்து ஒன்றைக் கவனித்தேன். ராட்டினத்தில் ஒரு தொட்டிலுக்கு ஆறு பேர், பக்கத்துக்கு மூன்று பேராக உட்காரலாம். ஒவ்வொரு தொட்டிலாகக் கீழே வந்து நிற்கிறது, அதில் இரண்டு இடமோ மூன்று இடமோ காலியாகவே இருக்கிறது. "இது ஏன் தம்பி காலியாப் போகுது?" என்று கேட்டேன். "பதிவு பண்ணுனவங்க வரல அண்ணாச்சி. பத்து நிமிசம் அவங்களுக்கு வச்சிருக்கணும். அப்புறந்தான் மெஷினு விடும்" என்றான். பத்து நிமிஷத்தில் தொட்டில் மேலே போய் இரண்டு தடவை சுற்றிவிட்டு வந்துவிடும்! ஐம்பது பேர் வெளியே கால் கடுக்க நிற்கிறார்கள், உள்ளே காற்று உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறது. முப்பது வருடம் வியாபாரம் செய்தவன் மாப்பிள்ளை நான். எதிரே ஆள் நிற்க, சரக்கு அலமாரியில் கிடந்து வீணாவதைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

சும்மா இருக்கவில்லை. என் தோளில் கிடந்த ஈரிழைத் துண்டை எடுத்து உருட்டி, கம்பிக்கு மேலே கையை நீட்டி, கீழே வந்து நின்ற தொட்டிலில் ஒரு காலி இடத்தைப் பார்த்து வீசிவிட்டேன். குறி தப்பவில்லை. சங்கரன்கோவில் பஸ்ஸுக்குச் சின்ன வயதில் ஜன்னல் வழியாகப் போட்டுப் பழகின கை.

"அண்ணாச்சி, என்ன பண்ணுதிய? இது என்ன பஸ்ஸா?" என்று இசக்கிதுரை கத்தினான்.

"காலியாத்தானலே போகுது. காத்தா டிக்கெட் எடுத்துருக்கு?" என்றேன். அவன் பதில் சொல்வதற்குள் தொட்டில் கிளம்பிவிட்டது. என் துண்டு மட்டும் தனியாக ஓர் இடத்தில் உட்கார்ந்து மலையைப் பார்க்கப் போனது. உங்கள் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "மாப்ள வேல பாக்குத எடத்துல மானத்த வாங்குதியளே!"

இனிமேல் நடந்ததைத்தான் நீங்கள் உங்கள் அலுவலகத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்ட வேண்டும். அந்தத் தொட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே வந்தபோது பதிவு வழியில் ஒலி முகம்மது என்று ஒருவர், கடையநல்லூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறாராம், மனைவி மாஜிதாவோடு நின்றார். துண்டு கிடந்த இடத்தையும் அதற்குப் பக்கத்து இடத்தையும் உங்கள் கணினி அவர்களுக்குக் கொடுத்திருந்தது. மாஜிதா பக்கத்து இடத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒலி முகம்மது துண்டைப் பார்த்தார், அதைத் தொடாமல் எதிர்ப் பக்கம் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார்.

ஷெர்லின் ஓடிவந்து, "சார், அது ஒங்க எடம். ஒங்க பேர்லதான் இருக்கு, தைரியமா ஒக்காருங்க" என்றாள்.

"மெஷினு குடுத்துச்சும்மா, நான் இல்லங்கல. ஆனா துண்டு கெடக்குல்லா. ஆளு தண்ணி குடிக்கப் போயிருப்பாவ" என்றார் அவர்.

"அந்தத் துண்ட எடுத்து வெளிய போட்டுட்டு ஒக்காருங்க சார்."

"அடுத்தவக துண்ட எடுத்துப் போடுததா? நல்ல கதையா இருக்கே!" என்று மாஜிதா கோபித்துக்கொண்டார். "இங்கன பாக்குத நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

பார்த்தீர்களா மாப்பிள்ளை? உங்கள் கணினி பேர் போட்டு, நேரம் போட்டு, எண் போட்டுக் கொடுத்தது. அதை எங்கள் ஊரில் ஒரு மனுஷனும் மதிக்கவில்லை. ஒரு துண்டு கிடந்தது, அதற்கு அந்த மரியாதை. அந்தத் துண்டு யாருடையது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

இசக்கிதுரை ஒரு கையை விசையில் வைத்துக்கொண்டு, "துண்டுக்காரவுக யாரு? சீக்கிரம் வாங்க, வண்டிய நிப்பாட்டி வைக்க முடியாது!" என்று கூப்பிட்டான். உங்கள் அத்தை உடனே ஏறிவிட்டாள் என்றா நினைக்கிறீர்கள்? வரிசைக்கு அவள்தான் முதல் ஆள். ஆனாலும் பின்னால் திரும்பி, "ஏம்மா, இந்த எடத்துக்கு எனக்கு முந்தி யாரும் காத்துக் கெடக்கியளா? மனசுல ஒண்ணும் வச்சுக்கிடப் பிடாது" என்று கேட்டாள். "ஏறுங்க ஆச்சி!" என்று ஐம்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சிவகிரிக்காரி ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் இவளைத் தூக்கிவிட்டாள். மாஜிதா உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு உங்கள் அத்தை உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, இன்னும் ஒரு எடம் கெடக்கு, நீங்களும் ஏறுங்க" என்றான் இசக்கிதுரை. "ஒரு துண்டுக்கு ஒரு ஆளுதான் தம்பி. ஞாயம்னா எல்லாருக்கும் ஞாயம்" என்று சொல்லிவிட்டேன். அவளுடைய செருப்பு, பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டுமே.

அவள் மேலே போய்க்கொண்டிருக்கும்போது கீழே ஒரு காரியம் நடந்தது. அடுத்த தொட்டில் வந்து நின்றது. கடையத்து விவசாயி மெதுவாகத் தன் கைக்குட்டையை எடுத்து ஒரு காலி இடத்தில் போட்டார். சிவகிரிக்காரி பிள்ளையின் தொப்பியைக் கழற்றிப் போட்டாள். ஒருத்தன் செருப்பைப் போட்டான், "செருப்பு செல்லாதுலே, எடு" என்று வரிசையே சத்தம் போட்டது. இன்னொருத்தன் இரண்டு கைக்குட்டை போட்டான், "ஆளுக்கு ஒண்ணுதான்" என்று பின்னால் நின்ற பெரியவர் ஒன்றை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரும் யாருக்கும் சட்டம் எழுதிக் கொடுக்கவில்லை. இசக்கிதுரை கணினி விளக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் துண்டைப் பார்த்து ஆள் ஏற்ற ஆரம்பித்தான். அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தில் ராட்டினத்தில் ஓர் இடம்கூடக் காலியாகப் போகவில்லை. அப்புறம் கழுத்தில் அட்டை தொங்க ஒரு மேலாளர் ஓடிவந்து, இது ஏற்பாட்டுக்கு விரோதம் என்றார். அதற்குள் காற்றும் கூடிவிட்டது, ராட்டினமும் நின்றுவிட்டது, எங்கள் ஆட்கள் எல்லாரும் ஏறி இறங்கியும் விட்டார்கள்.

உங்கள் அத்தை இறங்கி வந்தபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே. தலைமுடியெல்லாம் காற்றில் கலைந்து கிடக்கிறது, அதைச் சரிசெய்யக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. "என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"தென்காசிக் கோபுரம் தெரிஞ்சுது. அருவி அந்தப் பக்கம் வெள்ளையா, சத்தமே இல்லாம விழுது. திருமலக் கோயிலு நம்ம ஒசரத்துக்கு வந்த மாதிரி இருந்துச்சு. கீழ பாத்தேன், ஒருத்தரு கண்ண மூடிக்கிட்டு நிக்காரு."

"ஒனக்காவச் சாமி கும்புட்டேன்."

"அம்புட்டு நேரமுமா?" என்றாள். அப்புறம் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே, "சரி, மேல போயிட்டு வந்துட்டேன். இனி வெட்டட்டும்" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு சாவியைப் பற்றியும் டப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று காலையில் வியாழக்கிழமைக்கு ஆஸ்பத்திரிக்கு எந்தச் சேலை கட்டிப் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை, இதற்காக உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அந்த ராட்டினத்தில் அவளை ஏற்றிவிட்டது என் துண்டுதான், உங்கள் ஏற்பாடு அல்ல என்பதைப் பதிவு செய்துகொள்ளவும்.

ஆகையால் நான் சொல்ல வருவது இதுதான். பூட்டின பெட்டிக்குள் கேள்வி கேட்கிற வேலையை உங்கள் கம்பெனி உடனே நிறுத்த வேண்டும். வராதவனுக்காக இடத்தைக் காலியாகச் சுற்றவிடக் கூடாது, காத்து நிற்கிறவனுக்குக் கொடுக்க வேண்டும். பணம் கட்டி முன்னால் போகிற வழியை எடுத்துவிட வேண்டும் என்று உங்கள் அத்தை சொல்லுகிறாள், அதில் நான் கருத்துச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் மூன்று வழியையும் எடுத்துவிட்டு, ஆளுக்கொரு துண்டு என்று வைத்துவிடலாம். பூங்காவின் பெயர் கரையில் நெய்த ஈரிழைத் துண்டு, சாயம் போகாது, மொத்தமாக எடுத்தால் நானே அனுப்பி வைக்கிறேன். இது மாமனார் என்ற முறையில் சொல்லவில்லை, சரக்கு நல்ல சரக்கு. புறப்படுமுன் அங்கே புகார் எழுதுகிற மேசையிலும் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லி எழுதவைத்துவிட்டு வந்திருக்கிறேன். யாருடைய கவனக்குறைவு என்று கேட்டார்கள், ராட்டினத்தடியில் இருந்த பெண்ணின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அந்தப் புகார் உங்கள் கம்பெனிக்கு வரும்போது, மாமனார் என்று பார்க்காமல் கடுமையாக நடவடிக்கை எடுக்கவும்.

முத்துசெல்வியை ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்து அனுப்பவும். வேலை முக்கியம், நீங்கள் லீவு போட்டு வர வேண்டியதில்லை. ஆபரேஷன் முடிந்ததும் போன் செய்கிறேன். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். உங்கள் உடம்பும் உத்தியோகமும் சேர்ந்து செழிக்கட்டும், நாள் முழுக்கக் கணினியைப் பார்க்கிற கண்ணுக்கு வாரம் ஒருமுறையாவது எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமனார்,
தில்லைநாயகம்.

பின்குறிப்பு: கூரியர் கடை திறக்க நேரம் இருந்ததால் எழுதினதை மறுபடி படித்துப் பார்த்தேன். அந்த ஷெர்லின் பிள்ளையின் வேலைக்கு என்னால் கேடு வந்துவிடக் கூடாது. அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன் பெட்டகத்தில் இல்லை. என் சட்டைப் பையில்தான் இருந்தது. பதினொன்று முப்பதுக்குச் சரியாகக் கேட்டது. 'வருகிறீர்களா, ரத்து செய்யவா' என்று தமிழிலேயே கேட்டது, எழுத்தும் நல்ல பெரிய எழுத்து, அதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். அப்போது நான் தெரியாத்தனமாக அண்ணாந்து ராட்டினத்தைப் பார்த்துவிட்டேன். மாப்பிள்ளை, நம் கடையில் மேல்தட்டில் இருக்கிற லுங்கிக் கட்டை எடுக்கக்கூட நான் ஏணியில் ஏறியதில்லை, ஆளை விட்டுத்தான் எடுப்பேன். முதலாளி என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் 'அடுத்த சீசனுக்கு' என்று சொன்னதும் இதனால்தான், வியாபாரத்தினால் இல்லை. ரத்து என்பதை அமுக்கினால் என் இடம் மட்டும் போகும் என்று நினைத்தேன். அவள் இடமும் சேர்ந்து போய்விடும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆகையால் மேலே எழுதின குறைகளில் பெட்டகக் குறையை அடித்துவிடவும். புகாரையும் எப்படியாவது அடித்துவிடவும். இன்றைக்கே ஒரு ஆளை விட்டு அந்தப் பெண்ணுக்கு நல்ல டர்க்கி டவல் இரண்டு அனுப்புகிறேன். உங்கள் ஏற்பாட்டில் உண்மையான குறை ஒன்றே ஒன்றுதான், ஜோடியில் ஒரு ஆளை மட்டும் ரத்து செய்ய அதில் வழி இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி இரண்டு டிக்கெட் வேண்டும் என்று உங்கள் அத்தை நேற்று ராத்திரியே உங்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டாளாம். "இந்தத் தடவ நீங்களும் வாங்க. கண்ண மூடிக்கிட்டே ஒக்காருங்க, நான் கையப் புடிச்சுக்கிடுதேன்" என்றாள். அவளுக்கு எப்போது தெரியும் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆறு மாதத்துக்குள் உங்கள் கம்பெனியில் அந்த ஒரு வழியை மட்டும் யாருக்கும் தெரியாமல் செய்து வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பாதகமில்லை. பக்கத்துக்கு மூன்று பேர் அல்லவா, எனக்கு நடு இடமாகப் பார்த்துப் போடுங்கள்.